இதில் யாருக்கும் அரைப்பேர் கிடையாது

எனக்கு எழுபத்திமூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஒன்பது. மற்ற நான்கும் என் தங்கச்சி விட்டுப்போனவை. ஒன்பதில் ஒன்றைக்கூட நான் காய்ச்சலுக்குக் கொடுத்ததில்லை. என் மகன் தங்கராசுவின் மகள் தர்ஷினியைக் கொடுக்கப் பார்த்தேன். அவளுக்கு எட்டு வயது. அது எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்று எழுதி வைக்கத்தான் இந்த நோட்டு.

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. சிலோன் தோட்டத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது, மண்டபம் முகாமில் ஒரு குமாஸ்தா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். கைநாட்டு என்று அவரே முடிவு செய்துவிட்டார். அந்தத் தள்ளல் எனக்குப் பொறுக்கவில்லை. முகாமை விட்டுக் கிளம்புவதற்குள் பக்கத்துக் கொட்டகைப் பெண்ணிடம் என் பேரை எழுதப் பழகிக்கொண்டேன். பவளக்கொடி. ஆறு எழுத்து. பிறகு கீழ் கோத்தகிரிப் பக்கம் இந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து, வயதாகிக் கூடையை இறக்கி வைக்கும் வரைக்கும் சம்பளப் புத்தகத்தில் அந்த ஆறு எழுத்தைத்தான் போட்டேன். என் கட்டைவிரலில் மை பட்டதில்லை. பஸ் போர்டையும் ரேஷன் கடைப் பலகையையும் பார்த்துப் பார்த்து மற்ற எழுத்துகள் வந்தன. இந்த நோட்டை எழுத நான்கு மாதம் ஆனது. நான் எழுதியதைத் தர்ஷினி பிழை திருத்தி வேறு தாளில் எழுதித் தந்தாள். ஒரு பக்கத்தை மட்டும் அவளிடம் காட்டவில்லை. அது கடைசியில் வரும்.

திங்கட்கிழமை காலை தர்ஷினி இதைப் பெரட்டில் வாசிப்பாள். வெளியாள் யாராவது வாசித்தால் தெரியட்டும்: மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் முன் எல்லாரும் கூடி நிற்கிற இடம் பெரட்டு. எங்கள் துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், வருவார். மருந்துக்காரர் பழனிவேலும் வருவார். அவர் முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கிழவி நாலு பேருக்கு நல்லது சொல்ல எழுதினாள் என்று பிறகு யாரும் பேச வேண்டாம். நாலு பேருக்கு நல்லதும் இதில் இருக்கிறது. ஆனால் நான் பேனா எடுத்தது அதற்காக அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாளெல்லாம் கொழுந்து எடுத்தும் தராசில் எடை குறைந்தால் அன்றைக்கு அரை நாள் கூலிதான். அதை நாங்கள் அரைப்பேர் என்போம். எடை நிறைந்தால் முழுப்பேர். இந்த நோட்டில் நான் யாருக்கும் அரைப்பேர் போடவில்லை.

போன வைகாசியில் எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வீடுகள். தங்கராசு கொழுந்து வண்டி ஓட்டுகிறவன். ஒரு நாள் ஃபேக்டரியில் கொழுந்தை இறக்கிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தான்.

“அம்மா, ஃபேக்டரில வாசமே இல்ல” என்றான்.

“ஏன், மெசினு நின்னு போச்சா?”

“ஓடுது. தூள் கொட்டுது. வாசந்தான் இல்ல.”

மறுநாள் எனக்கும் இல்லை. தேயிலை டப்பாவுக்குள் மூக்கை விட்டு இழுத்துப் பார்த்தேன். மண்ணை முகர்ந்த மாதிரி இருந்தது. மருமகள் சுமதி மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. தர்ஷினிக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான்.

எஸ்டேட் மருந்துக் காம்பராவில் மாத்திரை கொடுக்கிறவர் பழனிவேல். அவர் டாக்டர் இல்லை. டாக்டர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பழனிவேல் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். ‘ங்க’ போடாமல் ஒரு சொல் பேச மாட்டார். அதனால் அவரைப் பற்றி நானும் மரியாதையோடுதான் எழுதுகிறேன். அவர் லயத்துக்கு வந்து வாசல் வாசலாக நின்று சொன்னார்.

“ஏனுங்கம்மா, கொரோனான்னு வெளிய தெரிஞ்சா லயத்துக்குத் தகரம் அடிச்சுருவாங்க. பதினாலு நாளைக்கு யாரும் மலைக்குப் போக முடியாதுங்க. கொழுந்து முத்திப் போயிரும், உங்களுக்கும் பேரு விழுகாது. நான் புஸ்தகத்துல சளின்னே எழுதிக்கறனுங்க. ஆரு வந்து கேட்டாலும் நீங்களும் சளின்னே சொல்லிப்போடுங்க.”

எல்லாரும் சரி என்றோம். நானும் சரி என்றேன். சரி என்றது மட்டுமா? நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக் காய்ச்சல் பார்க்க ஒரு பெண் வந்தாள். “எங்க லயத்துல காய்ச்சலே கெடையாது தாயி, இது மலைக்காத்து” என்று அவளிடம் சொன்னது நான்தான். பக்கத்து வீட்டு ராக்காயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமலை அடக்கினாள். அந்தப் பெண் போன பிறகு, “அக்கா, நீங்க கோர்ட்டுல சாட்சி சொல்லப் போகலாம்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் தர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மழையில் நனைந்ததால் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் வயிற்று வலி. குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆனால் பீளை இல்லை. மூன்றாம் நாள் அவளை மருந்துக் காம்பராவுக்கு நடத்திக்கொண்டு போனேன். ஊரடங்கில் பஸ் கிடையாது. எஸ்டேட் ஜீப்பில் கோத்தகிரிக்குப் போக வேண்டுமென்றால் பழனிவேல் கையால் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். அதைத் துண்டு என்போம். துண்டு இல்லாமல் ஜீப் நகராது.

“துண்டு குடுங்க, பெரிய டாக்டருகிட்ட காட்டிட்டு வர்றேன்” என்றேன்.

“எதுக்குங்கம்மா துண்டு? வயித்துல பூச்சிங்க. இந்த மருந்தக் குடுங்க, காய்ச்சலுக்கு இந்த மாத்திரை. நாளானைக்குப் புள்ள ஆடு மாதிரி ஓடுமுங்க.”

அவர் பயந்தது எதற்கென்று இப்போது எனக்குத் தெரியும். பிள்ளை கோத்தகிரிக்குப் போனால் லயத்தில் கொரோனா இருந்ததா என்று கேட்பார்கள். சளி என்று எழுதிய புஸ்தகம் வெளியே வரும். அன்றைக்கு அந்த மேஜையில் இன்னொன்றும் நடந்தது. அதுதான் கடைசிப் பக்கம்.

நான்காம் நாள் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு. உதடு வெடித்துச் செக்கச்செவேல் என்று இருந்தது. நாக்கும் அப்படியே. சுமதி அழுதாள். உடம்புச் சூடு என்று நான் முடிவு செய்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமதியின் அம்மா கொடுத்தனுப்பிய மருதாணி இலை காய்ந்து கிடந்தது. ஊறவைத்து அரைத்து, பிள்ளையின் உள்ளங்கை, உள்ளங்கால், நகம் எல்லாவற்றிலும் அப்பினேன். சூட்டை இழுத்துவிடும் என்று ஒன்பது பிள்ளைக்கும் செய்த கை. ஐந்தாம் நாள் காலை கழுவிப் பார்த்தால் அப்படி ஒரு சிவப்பு. “பாரு சுமதி, எப்புடிப் புடிச்சிருக்கு” என்று காட்டினேன். அது மருதாணியின் சிவப்பு மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

அன்று பத்து மணி போல, தண்ணீர்க் குழாய்க்கு என்னோடு வந்த தர்ஷினி குடத்தைப் பிடித்தபடியே சரிந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. கை கால் சில்லென்று இருந்தது, நெற்றி கொதித்தது. நூற்றியெட்டுக்கு அடித்தோம். வண்டி கீழே போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். தங்கராசு பழனிவேலிடம் ஓடினான், திரும்பி வந்தான். துரையைக் கேட்டுத்தான் ஜீப் தர முடியும், துரை ஊரில் இல்லை என்றாராம்.

கொழுந்து நிறைந்த வண்டி ரோட்டில் நின்றது. ஃபேக்டரிக்குப் போக வேண்டிய வண்டி. தங்கராசு தார்ப்பாயைத் தூக்கி, கொழுந்து மூட்டைகளின் மேல் பிள்ளையைப் படுக்கவைத்தான். நான் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சுமதிக்கு ஏழு மாதக் கைக்குழந்தை, ஆஸ்பத்திரிக்குள் விட மாட்டார்கள். அவள் ரோட்டிலேயே நின்றாள். வண்டி வளைவு திரும்பும் வரைக்கும் அவள் கையை அசைக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

வழியெல்லாம் மழை தார்ப்பாயில் அடித்தது. கொழுந்தை இறுக்கி மூட்டை கட்டி நேரத்துக்கு இறக்காவிட்டால் அது தன் சூட்டிலேயே வேகும். கையை விட்டால் சோற்றுக்குள் விட்ட மாதிரி சுடும். அப்படிச் சுட்ட இலை சிவந்து போகும், எதற்கும் ஆகாது. ஒரு கை மூட்டைக்குள் இருந்தது, ஒரு கை பிள்ளை நெற்றியில் இருந்தது. இரண்டும் ஒரே சூடு.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. கைப்பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். என்னிடம் கேட்டார்.

“ரெண்டு மாசத்துக்குள்ள வீட்ல யாருக்காவது கொரோனா வந்துச்சாம்மா?”

“இல்லைங்க. சளிதான்.”

வாய் பழகியிருந்தது. அவர் பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பினார்.

“இது என்ன சிவப்பு?”

“மருதாணிங்க. நான் வச்சேன்.”

“வைக்கிறதுக்கு முன்னாடி சிவந்திருந்துச்சா? வீங்கியிருந்துச்சா?”

“பாக்கலைங்க.”

அவர் தேடிய அடையாளம் அங்கே இருந்திருக்கிறது. அதை நான் பூசி மூடியிருந்தேன். வயிறு கல்லாக இருக்கிறது, குடல்வால் வெடித்திருக்கலாம் என்று எழுதி, நரம்பில் தண்ணீர் ஏற்றி, எங்களை ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்கு அனுப்பினார். தங்கராசு கொழுந்து வண்டியைக் கோத்தகிரியில் விட்டுவிட்டு எங்களோடு ஏறினான். அன்றைய கொழுந்து முழுவதும் வண்டியிலேயே வெந்து சிவந்தது.

கோயமுத்தூரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்தான். தங்கராசு கேட்டுக்கு வெளியே நின்றான். அடுத்த பதினோரு நாளும் அங்கேயேதான் நின்றான். காலையில் ஒரு பிளாஸ்கில் வெந்நீரும் ஒரு பொட்டலம் இட்லியும் உள்ளே வரும். பொட்டலத்தில் “அம்மா சாப்டு” என்று எழுதியிருக்கும். நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன் என்று தெரிந்துதான் எழுதினான்.

உள்ளே கூடலூர்க்கார நர்ஸ் ஒருத்தி. விரலில் மாட்டிக் காற்றளவு பார்க்கிற கிளிப்பைப் பிள்ளையின் விரலில் மாட்டினாள். நம்பர் நிற்கவில்லை. கால்விரலில் மாட்டினாள். அங்கேயும் கருஞ்சிவப்பு நகம். கடைசியில் காது மடலில் மாட்டினாள்.

“அம்மச்சி, காதுல மைலாஞ்சி இட்டிட்டில்லல்லோ? பாக்கியம்” என்றாள். மைலாஞ்சி என்றால் மருதாணி. பிறகு என் முகத்தைப் பார்த்து, “மைலாஞ்சி மட்டும் இல்ல அம்மச்சி, ரத்த ஓட்டம் கொறவு. அதான் கை சில்லுன்னு கெடக்கு” என்றாள்.

ஆபரேஷன் டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வயிற்றைத் திறந்து குடல்வாலைப் பார்த்துவிடலாம் என்று பேச்சு நடந்தது. என்னிடம் கையெழுத்து வாங்க ஒரு தாள் வந்தது. பேனாவை என் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் பிள்ளைகள் டாக்டர் வந்தார். தலை நரைத்தவர். தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பாட்டி, நான் போலீஸ் இல்ல, பஞ்சாயத்து இல்ல. உங்க வீட்டுக்குத் தகரம் அடிக்கிற ஆளும் இல்ல. அந்தச் சளி எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

லயத்தில் வாக்குக் கொடுத்தவள் நான். கொடுத்த வாக்கை மாற்றியவள் என்று ஒருத்தரும் என்னைச் சொன்னதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் வயிற்றில் எங்கே வெட்டுவது என்று மருந்து தடவிக்கொண்டிருந்தார்கள்.

“வாசம் தெரியலைங்க” என்றேன்.

“யாருக்கு?”

“ஒருத்தருக்கும். வைகாசி மாசம். மொத்த லயத்துக்கும்.”

அவர் எழுந்து ஓடினார். அறுபது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வயிற்றில் கத்தி வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, “இதைக் கோத்தகிரியிலேயே சொல்லியிருந்தா ஆறு மணி நேரம் மிச்சமாயிருக்கும் பாட்டி” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த நோய்க்கு இங்கிலீஷில் நீளமான பேர். எம்.ஐ.எஸ்.சி என்று சுருக்கிச் சொன்னார்கள். டாக்டர் சொல்லி நான் புரிந்துகொண்டது இது. கொரோனா கிருமி வரும்போது அதை அடிக்க உடம்பு தன் ஆட்களை எழுப்புகிறது. கிருமி போய்விடுகிறது. ஆனால் நாலு வாரம், ஆறு வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு அந்த ஆட்கள் அடங்காமல் சொந்த உடம்பையே அடிக்கிறார்கள். குடல், தோல், கண், இதயம், ரத்தக்குழாய் எல்லாம் ஒரே நேரத்தில் வீங்கிச் சிவக்கிறது. “வெளிய இருந்து ஒரு நெருப்பும் இல்ல பாட்டி, உள்ளயே வேகுது” என்றார். இறக்காமல் விட்ட கொழுந்து மூட்டை என்று சொன்னேன். அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கியதும், “அதேதான்” என்றார்.

ரத்தம் பல குழாய்களில் எடுத்தார்கள். உள்ளே எவ்வளவு வேகிறது என்று ஒன்றில் தெரியுமாம். ரத்தம் கட்டி கட்டியாக உறைகிறதா என்று இன்னொன்றில். கொரோனா வந்து போன தடம் இருக்கிறதா என்று மற்றொன்றில். தடம் இருந்தது. பழனிவேலின் புஸ்தகத்தில் சளி என்று இருந்தது பிள்ளையின் ரத்தத்தில் வேறாக இருந்தது. நெஞ்சில் பசை தடவி எக்கோ என்று ஒரு படம் பார்த்தார்கள். இதயம் பாதி பலத்தில்தான் அழுத்துகிறது என்றார்கள்.

“அரைப்பேர்” என்றேன்.

“எந்தா அம்மச்சி?” என்றாள் கூடலூர் நர்ஸ். அவளுக்கும் விளக்கினேன்.

வைத்தியம் இரண்டு. ஒன்று, அடங்காத ஆட்களை அடக்குகிற ஸ்டீராய்டு ஊசி. மற்றது ஒரு பாட்டில் மருந்து. ரத்ததானம் கொடுத்த ஆயிரக்கணக்கான பேரின் ரத்தத்திலிருந்து காவல் சத்தை மட்டும் பிரித்துச் சேர்த்தது. தண்ணீர் போலத்தான் இருக்கும், ஆட்டக்கூடாது, ஆட்டினால் நுரைக்கும். காப்பீட்டு அட்டையில் அது கிடைத்தது. விலை என்ன என்று நான் கேட்டதற்கு நர்ஸ் காதில் விழாதது போல இருந்துவிட்டாள். அது சொட்டுச் சொட்டாக ஏற நாள் முழுவதும் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுகளைப் பார்த்தேன். முகம் தெரியாத ஆயிரம் பேர் என் பிள்ளைக்காக வரிசையில் நிற்கிறார்கள், முகம் தெரிந்த ஒருத்தர் ஒரு துண்டு எழுதித் தரவில்லை என்று நினைத்தேன்.

ஊசி குத்தும்போதெல்லாம் பிள்ளை “அப்பாயி” என்று என்னைக் கூப்பிட்டாள். நான் மனதுக்குள் பழனிவேல் என்று சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார். பிள்ளைகளைப் படுக்கையில் விட்ட பெண்கள் அங்கே நின்று அழுவார்கள். நான் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுப் பழனிவேலின் கை இரண்டும் விளங்காமல் போகட்டும் என்று கேட்டேன். திரும்பிப் பத்தடி நடந்த பிறகுதான் தர்ஷினியைக் கேட்க மறந்தது தெரிந்தது. மறுபடி போய்க் கேட்டேன். ஆனால் முதலில் கேட்டதை வாபஸ் வாங்கவில்லை.

லயத்தில் சுமதி மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். கை ஓடாது. அவளுக்கு அரைப்பேர் விழாமல் இருக்க ராக்காயியும் மற்றப் பெண்களும் தங்கள் கொழுந்தில் இரண்டு பிடி அவள் மூட்டையில் போட்டிருக்கிறார்கள். இதை ஒருத்தியும் எனக்குச் சொல்லவில்லை. சுமதிதான் போனில் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் தர்ஷினி இட்லி கேட்டாள், பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஊசி பசியைக் கிளப்புமாம். முகம் பூரி மாதிரி உப்பியது. எட்டாம் நாள் விரல் நுனியிலிருந்து தோல் உரியத் தொடங்கியது. இந்த நோயில் அப்படி உரியும், பயப்பட வேண்டாம் என்றார்கள். மருதாணி பிடித்த தோல் சிவப்புச் சிவப்பாகக் கழன்று போர்வையில் விழுந்தது. அதையெல்லாம் பொறுக்கி ஒரு தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்தப் பொட்டலம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

பத்தாம் நாள் திரும்ப எக்கோ பார்த்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“அம்மச்சி, இன்னைக்கு முழுப்பேர்.”

நான் அங்கே அழவில்லை. கேட்டுக்கு வந்து தங்கராசுவைப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

லயத்துப் பெண்களே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் மூன்று நாள் விடாமல் அடித்து, கூடவே வயிற்று வலியோ வாந்தியோ, பீளை இல்லாத சிவந்த கண்ணோ, வெடித்த உதடோ, உடம்பில் தடிப்போ இருந்தால் துண்டுக்காக நிற்காதீர்கள். ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்கு முன் வீட்டில் என்ன வந்தது என்று டாக்டர் கேட்டால் வந்ததைச் சொல்லுங்கள். மருதாணி வைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பழனிவேல் வந்தார். கையில் ஒரு பை மங்குஸ்தான்.

“பர்லியார்ல வாங்கினதுங்கம்மா, புள்ளைக்கு நல்லதுங்க. எப்படியோ பொழச்சு வந்துருச்சு. நான் அன்னைக்கே கோத்தகிரி போங்கன்னு சொன்னனுங்களே.”

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. நான் பையை வாங்கிக்கொண்டேன். அவர் படியிறங்கியதும் வெளிச்சுவரில், அவர் தினமும் போகிற வழியைப் பார்த்த ஆணியில் மாட்டினேன். அழுகி நாறட்டும் என்றுதான் மாட்டினேன். மங்குஸ்தான் அழுகவில்லை. நாளாக ஆக ஓடு இறுகிக் கல்லாகியது. காற்றடிக்கும்போது சுவரில் டொக் டொக் என்று இடிக்கும். மார்கழி வந்துவிட்டது, இன்னும் இடிக்கிறது. அவர் இப்போது மேல் ரோட்டால் சுற்றிப் போகிறார்.

இனி அந்தப் பக்கம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் நான் துண்டு கேட்டபோது அவர் பூச்சி மருந்தைக் கொடுத்துவிட்டுப் புஸ்தகத்தில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார். அதை என் பக்கம் திருப்பினார்.

“மருந்து வாங்கினதுக்கு ஒரு அடையாளம் வேணுமுங்க. கைநாட்டுங்களா, கையெழுத்துங்களா?”

மைப்பெட்டி திறந்திருந்தது. அவர் அதைத் தள்ளக்கூட இல்லை, ஒரு விரலால் தொட்டார். எனக்கு மண்டபம் முகாம் ஞாபகம் வந்தது.

“பேனாவக் குடுங்க” என்றேன்.

பிள்ளை என் இடுப்பில் சாய்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. நான் நிதானமாக ஆறு எழுத்தும் போட்டேன். கடைசி எழுத்தின் சுழிப்பைக்கூட விடவில்லை.

“கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தங்கராசுவைப் பற்றி ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். அனுமதி இல்லாமல் வண்டியை எடுத்தது, ஒரு வண்டிக் கொழுந்தை நாசமாக்கியது. துரை முன்னால் அந்தப் புஸ்தகம் வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். ஆபீஸ் பையன் அந்த வரியைத் தமிழில் சொன்னான். ‘பிள்ளையை உடனே கோத்தகிரிக்குக் கொண்டுபோகத் துண்டு கொடுத்தேன். பாட்டி வாங்க மறுத்துவிட்டார்.’ அதற்குக் கீழே பவளக்கொடி.

“எழுத்து உங்களதுதானுங்களேம்மா?” என்றார் பழனிவேல்.

“என்னோடதுதான்” என்றேன். வேறு என்ன சொல்ல? வாசிக்காமல் போட்டேன் என்று சொல்ல அன்றைக்கு என் நாக்கு எழும்பவில்லை. கைநாட்டுக்காரி என்று நினைத்துவிடுவார்களே என்று நினைத்தேன். என் மகன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவனிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது உர மூட்டை தூக்குகிறான். இதுவரை அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது சொல்கிறேன். எனக்கு அந்த வரியை வாசிக்கத் தெரியாது. துண்டு அவர் கொடுக்கவில்லை, நான் மறுக்கவில்லை. எழுதியவர் கு. பழனிவேல், மருந்துக்காரர். கீழே பேர் போட்டவள் வெ. பவளக்கொடி. சளி என்று ஊருக்குப் பொய் சொன்னவளும் அவள், மருதாணி வைத்து மூடியவளும் அவள். என்னை மறைத்துவிட்டு அவரை மட்டும் காட்டினால், அவர் அதே சிரிப்போடு அந்தப் புஸ்தகத்தை விரித்துக் காட்டுவார். அந்த வழியை அடைக்கத்தான் என்னையும் சேர்த்து எழுதினேன். வைகாசியில் சளி என்று சொன்ன மற்றவர்களின் பேரை நான் எழுதவில்லை. இதற்கு அடுத்த பக்கத்தை அவர்களுக்காக வெறுமையாக விட்டிருக்கிறேன். வாசித்து முடித்ததும் பேனாவும் மைப்பெட்டியும் அங்கே இருக்கும். எதுவானாலும் சரி. யாரிடமும் நான் கேட்க மாட்டேன், கைநாட்டா கையெழுத்தா என்று.

தர்ஷினி, இந்தா. இதை நீ இன்னும் பார்க்கவில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதே. உட்கார வேண்டாம், பெரட்டில் நிற்கிற மாதிரி நின்று எனக்கு ஒருதரம் முழுவதும் வாசித்துக் காட்டு. உங்கள் அப்பாவையும் கூப்பிட்டுக்கொள், அவனும் கேட்கட்டும். மருதாணி வருகிற இடத்தில் என் முகத்தைப் பார்க்காதே. பழனிவேல் பேரை எவ்வளவு சத்தமாக வாசிக்கிறாயோ, அதே சத்தத்தில் என் பேரையும் வாசி. ஆறு எழுத்து. ஒன்றையும் முழுங்கிவிடாதே.